12-க்கு அடுத்த பக்கம்: கலர் பிளைண்ட் தம்பிகளுக்கு ஓர் அக்காவின் டிப்ஸ்

அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்குப் பலமநேர் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் தக்காளி. கோடை லீவுக்குச் சித்தூரிலிருந்து நாங்கள் போனால், பிள்ளைகளுக்கும் பறிக்கிற வேலை உண்டு. என் கூடையில் பழமாக இருக்கும். தம்பி கூடையில் பாதிக்குப் பாதி காய். மாமா தலையில் ஒரு குட்டு வைப்பார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலி ஓரமாக நின்று தெலுங்கில் சிரிப்பார்: “வீடிக்கி ரங்குலு தெலியவு.” இவனுக்குக் கலரே தெரியாது என்று அவர் கேலிக்குச் சொன்னது அப்படியே மருத்துவ உண்மை என்று எங்களுக்குத் தெரிய அதற்குப் பிறகு பதினாறு வருஷம் ஆனது.

தாத்தா மட்டும் அவனை ஒரு நாளும் திட்டியதில்லை. அவரும் தக்காளியை அமுக்கிப் பார்த்துத்தான் பறிப்பார். தரம் பிரிக்கிற வேலை எப்போதும் பாட்டியுடையது. ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

தம்பி எலெக்ட்ரிக்கலில் டிப்ளமா முடித்தான். திருப்பதியில் ரூம் எடுத்து இரண்டு வருஷம் கோச்சிங் போனான். ரயில்வே அசிஸ்டென்ட் லோகோ பைலட் பரீட்சையில் ஒவ்வொரு கட்டமாகத் தேறினான். வீட்டில் லட்டு கூட வாங்கி வைத்துவிட்டோம். பிறகு மெடிக்கல். சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்தவன் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. “அக்கா, ஒரு புஸ்தகம் காட்டினாங்க. புள்ளி புள்ளியா இருக்கு, உள்ள நம்பர் இருக்காம். முதல் பக்கத்துல 12 தெரிஞ்சுது. அதுக்கப்புறம் எதுவுமே தெரியல” என்றான்.

அந்தப் புத்தகத்தின் பெயர் இஷிஹாரா. டோக்கியோவில் கண் மருத்துவராக இருந்த ஷினோபு இஷிஹாரா 1917-இல் வெளியிட்டது. முழுப் பதிப்பில் 38 தட்டுகள். முதல் தட்டில் இருக்கும் 12 கலர் பிளைண்டாக இருந்தாலும் தெரியும். சோதனை என்ன என்பதைப் புரியவைக்க வைத்த பக்கம் அது. என் தம்பிக்கு அந்தப் பக்கத்தோடு இரண்டு வருஷப் படிப்பு முடிந்துபோனது.

அவன் படிக்கவில்லை என்றோ, சோம்பேறி என்றோ யாரும் சொல்ல முடியாது. பத்தாவது முடித்த அன்றைக்கே இது தெரிந்திருந்தால் பாதையை மாற்றியிருப்பான், அவ்வளவுதான். நான் பள்ளிக்கூடத்து டீச்சர். என் கண் முன்னால் வளர்ந்த பையனிடம் எனக்கே தெரியவில்லை என்ற குறை இன்னும் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன். டாக்டர் சொல்வதற்கு மாற்றாக அல்ல. டாக்டரிடம் போவதற்கு முன் அக்கா சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இது குருடு இல்லை

‘நிறக்குருடு’ என்ற சொல்லை வீட்டில் பயன்படுத்தாதீர்கள். கலர் பிளைண்டாக இருக்கும் பெரும்பாலானோருக்கு உலகம் கறுப்பு வெள்ளையாகத் தெரிவதில்லை. கண்ணின் விழித்திரையில் நிறத்தைப் பிரித்தறியும் செல்கள் மூன்று வகை. சிவப்பை அல்லது பச்சையைப் பார்க்கும் வகை ஒன்றில் குறை இருந்தால், சிவப்பு, பச்சை, பழுப்பு, ஆரஞ்சு எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோகும். நீலமும் மஞ்சளும் அவர்களுக்கும் நன்றாகவே தெரியும்.

இது பெரும்பாலும் பிறவியில் வருவது. மரபணு தாய் வழி வரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதனால் ஆண்களுக்கே அதிகம். ஐரோப்பிய ஆண்களில் 12 பேருக்கு ஒருவர், பெண்களில் 200 பேருக்கு ஒருவர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. நம் பக்கம் விகிதம் கொஞ்சம் குறைவு. தாத்தாவிடம் இருந்தால், மகளுக்கு வெளியே தெரியாமல் போய், மகளின் ஆண்பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பில் வந்து சேரும். தக்காளியை அமுக்கிப் பார்த்த தாத்தா, எங்கள் அம்மா, தம்பி என்று கோடு போட்டுப் பாருங்கள். தாய்மாமன் யாருக்காவது இருக்கிறது என்று தெரிந்தால், அந்த வீட்டுப் பெண்களின் மகன்களை எல்லாம் ஒரு தடவை கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அம்மாவைக் குற்றம் சொல்லும் பேச்சு மட்டும் வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு அத்தை அதை ஆரம்பித்தார். அன்றைக்கே நிறுத்தச் சொன்னேன்.

இன்னொரு வகை பிறவியில் இல்லாமல் பின்னாளில் வருவது. காசநோய்க்குக் கொடுக்கும் எத்தாம்பியூட்டால் மாத்திரை சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதித்து சிவப்பு-பச்சை வித்தியாசத்தை மங்கச் செய்யும். டிபி மருந்து சாப்பிடுகிற டிரைவர் அண்ணன்மார்களே, சிக்னல் விளக்கு திடீரென்று வெளுத்துத் தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது, விஷயத்தை மறைத்து வண்டி ஓட்டவும் கூடாது. சர்க்கரை நோய் பல வருஷம் இருப்பவர்களும் நிறம் மாறித் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

வீட்டிலும் வகுப்பிலும் தெரியும் அறிகுறிகள்

மரத்தின் தண்டுக்குப் பச்சை அடித்து, இலைக்குப் பழுப்பு அடிக்கும் குழந்தை. க்ரேயான் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படித்த பிறகே கலர் எடுக்கும் குழந்தை. சார்ஜரில் விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியதா என்று கேட்டால் “நீயே பாரு” என்று நழுவும் பையன். டீச்சர்களுக்கு ஒன்று: பச்சை போர்டில் சிவப்பு சாக்பீஸால் எழுதியதை ஒருவன் மட்டும் நோட்டில் விட்டுவிட்டால், கவனக்குறைவு என்று அவன் டைரியில் எழுதுவதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். நான் பல வருஷம் அப்படி எழுதியவள்.

செல்போனில் இஷிஹாரா படத்தைக் காட்டிப் பார்ப்பதால் சந்தேகத்தைத் தெரிந்துகொள்ளலாம். முடிவுக்கு அது உதவாது; திரையின் வெளிச்சமும் நிறமும் போனுக்குப் போன் மாறும். திருப்பதியில் ரூயா ஆஸ்பத்திரி இருக்கிறது, அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. சித்தூர்க்காரர்களுக்கு வேலூர் பக்கம்; சிஎம்சியின் ஷெல் கண் ஆஸ்பத்திரிக்கு நம்மூர் பஸ்ஸிலேயே போய்விடலாம்.

போகும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. “கலர் பிளைண்டா?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “எந்த வகை, எவ்வளவு? லேசா, நடுத்தரமா, கடுமையா?” என்று கேளுங்கள். இஷிஹாரா ‘இருக்கிறது’ என்பதைப் பிடிக்கும். எவ்வளவு என்று சரியாக அளக்காது. அதற்கு நிற வில்லைகளை வரிசையாக அடுக்கச் சொல்லும் டி-15 என்ற சோதனை இருக்கிறது. ரிப்போர்ட்டை எழுத்தில் வாங்கி, ஆதார் அட்டை வைக்கும் கவரிலேயே வையுங்கள். வேலை, லைசென்ஸ், கோர்ட் எங்கே போனாலும் அந்த ஒரு தாள்தான் பேசும்.

படிப்பு எடுக்கும் முன்

நம் ஆந்திராவில் பத்தாவது முடிந்தவுடன் முச்சந்தி. இன்டரா, பாலிசெட் எழுதி டிப்ளமாவா, ஐடிஐயா? இந்த இடத்தில்தான் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

ரயில்வே ஆசை நம் பக்கத்துப் பையன்களுக்கு ரத்தத்தில் ஓடுகிறது. ரேணிகுண்டா ஜங்ஷனும் திருப்பதி கேரியேஜ் ஒர்க்‌ஷாப்பும் கண்முன் இருக்கும்போது ஓடாமல் என்ன செய்யும்? அதனால் இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ரயில்வே வேலைகளுக்கு மெடிக்கல் வகுப்பு பிரித்திருக்கிறார்கள். ஏ-1 என்பது இன்ஜின் ஓட்டுகிறவர்கள். ஏ-2-இல் ஸ்டேஷன் மாஸ்டர், டிரெயின் மேனேஜர் (பழைய பெயர் கார்டு), பாயின்ட்ஸ்மேன். பிறகு ஏ-3, பி-1. தண்டவாளத்தில் வேலை பார்க்கும் டிராக்மேன் பி-1. இந்த நான்கு வகுப்புக்கும் நிறப்பார்வை கட்டாயம். அதற்குக் கீழே பி-2, சி-1, சி-2 என்று வரும்போது நிறச் சோதனை கிடையாது. கிளார்க், அக்கவுன்ட்ஸ் வேலைகள் சி-2. ஒவ்வொரு அறிவிப்பிலும் எந்தப் போஸ்டுக்கு எந்த வகுப்பு என்று அட்டவணையாகப் போட்டிருப்பார்கள். எல்லோரும் சம்பளக் கட்டத்தைப் பார்த்துவிட்டு மெடிக்கல் கட்டத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம். மெடிக்கலில் தவறினால் வேறு போஸ்ட் தரமாட்டோம் என்பதும் அதே அறிவிப்பில் அச்சாகியிருக்கும். என் தம்பி அதை மூன்றாம் முறை படித்தபோதுதான் பார்த்தான். முதல் இரண்டு முறையும் மெடிக்கலுக்கு முந்தி.

போலீஸ் ஆசைக்காரர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஆந்திர போலீஸ் கான்ஸ்டபிள், எஸ்.ஐ. அறிவிப்புகளில் கலர் பிளைண்ட்னஸ் தகுதி நீக்கம் என்று நேராகவே எழுதியிருக்கும். விடியற்காலையில் எஸ்.வி. யுனிவர்சிட்டி கிரவுண்டில் ஓடி மூச்சு வாங்குவதற்கு முன் ஒரு தடவை கண்ணைக் காட்டிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று தம்பி கோபப்பட்டான். “ரோட்டு சிக்னல்ல மேல சிவப்பு, கீழ பச்சைன்னு இடத்தை வச்சே கண்டுபிடிக்கிறேனே” என்றான். நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ரயில் சிக்னல் கம்பத்தில் வரிசை தலைகீழ். சிவப்பு கடைசியில், டிரைவரின் கண்மட்டத்துக்குப் பக்கமாக இருக்கும். அதையும் பழகிக்கொள்ளலாம் என்றே வையுங்கள். நள்ளிரவில், மழையில், தண்டவாளத்து ஓரம் ஒருவர் கைவிளக்கைத் தூக்கிக் காட்டுகிறார். ஒற்றை வெளிச்சம். அதற்கு மேலும் கிடையாது, கீழும் கிடையாது. சிவப்பா பச்சையா என்பது மட்டும்தான் சேதி. பின்னால் ஆயிரம் பேர் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பயம் 150 வருஷப் பழசு. 1875 நவம்பரில் ஸ்வீடனின் லாகர்லுண்டாவில் இரண்டு ரயில்கள் மோதின. ஊழியரின் நிறப்பார்வைக் குறையும் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஃப்ரிதியோஃப் ஹோம்கிரன் என்ற உடலியல் அறிஞர் சந்தேகப்பட்டு, கம்பளி நூல்கண்டுகளை நிறவாரியாகப் பிரிக்கச் சொல்லும் சோதனையைக் கொண்டுவந்தார். ரயில் ஊழியர்களுக்கு நிறச் சோதனை என்ற வழக்கமே அதற்குப் பிறகு பரவியதுதான். நம் ரயில்வே பயன்படுத்தும் எட்ரிட்ஜ்-கிரீன் லாந்தர் அந்த வம்சத்தில் வந்தது: இருட்டறையில் சின்ன நிற வெளிச்சம் காட்டி, என்ன கலர் என்று கேட்பார்கள்.

மனப்பாடம் செய்யாதீர்கள்

கோச்சிங் சென்டர் ஒன்றில் இதற்கும் ‘டிரிக்’ சொல்லித் தந்தார்களாம். முதல் தட்டு 12, இரண்டாவது இது, மூன்றாவது அது என்று வாய்ப்பாடு மாதிரி. இன்னும் சிலர் ஒரு கண்ணில் சிவப்புச் சாயம் போட்ட கான்டாக்ட் லென்ஸ் மாட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். கலர் கண்ணாடி வாங்கினால் சரியாகிவிடும் என்று விளம்பரம் வேறு.

டாக்டர் பக்கத்தைக் கலைத்துக் காட்டினால் வாய்ப்பாடு காலி. லாந்தரை மனப்பாடம் செய்யவே முடியாது. கலர் கண்ணாடி சில நிறங்களுக்கு நடுவே வித்தியாசத்தைக் கூட்டிக்காட்டும். இல்லாத செல்லை உண்டாக்காது, பிறவிக் குறையைக் குணமாக்காது. மெடிக்கலில் அதற்கு அனுமதியும் இல்லை. அப்படியே ஒருவன் தப்பித்து உள்ளே போனாலும், வேலையில் இருக்கும் காலம் முழுக்கக் குறிப்பிட்ட வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி மெடிக்கல் உண்டு. ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிசையும்.

அது போகட்டும். அக்காவாக ஒன்று சொல்கிறேன், திட்டினாலும் பரவாயில்லை. நிறம் ஒன்றே சேதியாக இருந்து, தப்பினால் அடுத்தவன் உயிர் போகும் என்கிற இடத்தில் ஏமாற்றி உட்காராதே. உனக்கு வேலை வேண்டும், சரி. அந்த ரயிலில் நானும் வருவேன்.

கண்ணுக்குப் பதில் வேறு எதைக் கேட்கலாம்

இப்போது மறுபக்கம். உலகத்தில் முக்கால்வாசித் தொழிலில் நிறம் ஒரு வசதிதான். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு அடையாளத்தை வைத்துவிட முடியும். அதைப் பழைய கைவினைஞர்கள் நமக்கு முன்பே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கேஸ் வெல்டிங் கடையில் பாருங்கள். ஆக்சிஜன் குழாய், அசிட்டிலின் குழாய் இரண்டுக்கும் வேறு வேறு நிறம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பிவிட்டால் மாற்றி மாட்டி வெடிக்கும் என்று, அசிட்டிலின் பக்கத்து நட்டுக்கு இடது மரை வைத்திருக்கிறார்கள். நட்டின் விளிம்பில் வெட்டும் இருக்கும். தடவினாலே தெரியும். மாற்றி முறுக்கினால் ஏறாது.

ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக்காரர்களைப் பார்த்ததுண்டா? கடுக்காயும் பாலும் ஊறிய துணியில், சிவப்பு வரவேண்டிய இடத்தில் அவர்கள் தடவுவது படிகார நீர். தடவும்போது அங்கே சிவப்பு கிடையாது. சாய வேர் போட்டுக் கொதிக்க வைக்கும்போதுதான் அந்த இடம் மட்டும் சிவக்கும். எங்கே எது தடவினோம் என்ற கணக்கு கைக்கும் மனசுக்கும் தெரிந்திருக்கிறது. நிறத்துக்குப் பேர்போன தொழிலிலேயே ஒரு கட்டம் நிறம் பார்க்காமல் நடக்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும், அதனால் சம்பந்தம் கொஞ்சம் தூரமானாலும் சொல்லிவிட்டேன்.

எலெக்ட்ரிக்கல் வேலைக்கு வருகிறேன். வீட்டு வயரிங்கில் ஃபேஸ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. மூன்று ஃபேஸ் என்றால் சிவப்பு, மஞ்சள், நீலம். சிவப்பில் குறை இருப்பவர்களுக்குச் சிவப்பு கறுத்துத் தெரியும். ஃபேஸும் நியூட்ரலும் ஒன்றாகிவிடும். பச்சையில் குறை என்றால் பழைய, அழுக்கேறிய பச்சை வயர் பழுப்பாகத் தெரியலாம். தம்பி கடைப்பிடிக்கும் விதிகள் இவை. வயரின் நிறத்தை நம்பி எதையும் தொடமாட்டான். முதலில் டெஸ்டர், பிறகு மல்டிமீட்டர். டெஸ்டரையும் தெரிந்த லைனில் ஒரு தடவை எரியவைத்துப் பார்த்துவிட்டே பயன்படுத்துவான். பேனலில் ஒவ்வொரு வயர் முனைக்கும் நம்பர் போட்ட ஃபெரூல் மாட்டாமல் மூடியைச் சாத்தமாட்டான். ரெசிஸ்டரின் நிறக்கோடுகளைப் படிக்கவே மாட்டான். மீட்டரில் வைத்து அளப்பான். நன்றாகப் பார்வை தெரியும் எலெக்ட்ரீஷியனும் இப்படித்தான் செய்ய வேண்டும், செய்வதில்லை. நிறம் தெரிந்தவன் அவசரத்தில் நம்பிக்கெடுகிறான். எங்கள் வீட்டு மோட்டார் ஷெட்டில் அப்படி ஒருவரும் வேலை பார்த்திருக்கிறார், தம்பியும் பார்த்திருக்கிறான். தம்பி போட்ட வயரிங்தான் நிற்கிறது.

இப்போது அவன் ஸ்ரீசிட்டி பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் கன்ட்ரோல் புரோகிராம் எழுதும் வேலையில் இருக்கிறான். சேர்ந்த முதல் வாரமே சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டான். பேனலில் சிவப்பு, பச்சை இண்டிகேட்டர்களுக்குக் கீழே ‘ஆன்’, ‘டிரிப்’ என்று எழுத்து ஒட்டச் சொல்லி வாங்கினான். செலவு ஒரு லேபிள் ரோல். சொல்லத் தயங்கும் தம்பிகளுக்கு ஒரு வாக்கியம் எழுதித் தருகிறேன், அப்படியே சொல்லுங்கள்: “சார், எனக்கு சிவப்பு-பச்சை வித்தியாசம் சரியாத் தெரியாது. வேலைக்கு அது தடையில்ல. இந்த மூணு இடத்துல மட்டும் எழுத்தோ நம்பரோ வேணும்.” குறையைச் சொல்லிவிட்டு நிறுத்தினால் எதிரில் இருப்பவர் பயப்படுவார். கூடவே தீர்வையும் சொன்னால் அவருக்கு வேலை மிச்சம்.

சுருக்கமாக இன்னும் சில தொழில்கள். லேப் டெக்னீஷியன் படிப்பு கொஞ்சம் கஷ்டம். கிராம் ஸ்டெயினில் ஊதாவும் இளஞ்சிவப்பும் பிரிய வேண்டும், யூரின் ஸ்ட்ரிப்பில் நிறம் படிக்க வேண்டும். கடுமையான குறை இருந்தால் வேண்டாம் என்பதே என் கட்சி. மருந்துக்கடையில் மாத்திரையை நிறத்தால் எடுக்காமல் பெயர் படித்து எடுப்பது எல்லோருக்குமே சட்டம். கெமிஸ்ட்ரி பிராக்டிகலில் டைட்ரேஷன் முடிவுப் புள்ளி தெரியவில்லை என்றால் முன்கூட்டியே லெக்சரரிடம் சொல்லுங்கள். பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள். டாக்டர் படிப்பு மூடிய கதவு இல்லை. திரிபுராவில் மெடிக்கல் சீட் மறுக்கப்பட்ட கலர் பிளைண்ட் மாணவரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2017-இல் அவரைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. அப்படிப் படிப்பவர் தொண்டைச் சிவப்பு, தோல் தடிப்பு, மலத்தில் ரத்தம் போன்ற இடங்களில் இன்னொரு கண்ணைத் துணைக்கு அழைக்கும் பழக்கத்தை முதல் வருஷத்திலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் வேலைக்குத் தடையே இல்லை. போனிலும் கம்ப்யூட்டரிலும் செட்டிங்ஸில் நிறத்தைத் திருத்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஃபேஸ்புக் ஏன் நீலமாக இருக்கிறது தெரியுமா? அதை ஆரம்பித்த மார்க் சக்கர்பெர்க்குக்குச் சிவப்பு-பச்சை சரியாகத் தெரியாது. நீலம் நன்றாகத் தெரியும்.

ஸ்டியரிங் பிடிக்கிறவர்களுக்கு

கலர் பிளைண்ட் என்றாலே லைசென்ஸ் கிடையாது என்பது பழைய கதை. 2020 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதியைத் திருத்தியது. லேசான, நடுத்தரக் குறை உள்ளவர்கள் லைசென்ஸ் எடுக்கலாம். கடுமையான, முழுமையான குறைக்குத்தான் தடை. ஆர்டிஓ ஆபீஸில் புரோக்கர் பேச்சைக் கேட்டு ஃபாரத்தில் பொய் எழுதாதீர்கள். ‘எவ்வளவு’ என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிய அந்தத் தாளை இங்கே நீட்டுங்கள்.

சிவப்பில் குறை இருப்பவருக்கு முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு மங்கலாகத் தெரியும். அதனால் மற்றவர்களைவிட அதிக இடைவெளி விட வேண்டும். அலிபிரியிலிருந்து திருமலை ஏறும்போது, மார்கழிப் பனியில், வளைவுக்கு வளைவு முன்வண்டி பிரேக் போடும் அந்தப் பாதையில் இது விளையாட்டு இல்லை. இரவில் தெரியாத ஊரில் சிக்னல் ஒற்றை வெளிச்சமாகத் தெரிந்தால், நின்று பக்கத்து வண்டிகள் நகர்கிறதா என்று பாருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பான். அடித்துக்கொள்ளட்டும்.

வேலையில் சேர்ந்த பிறகு கண்டுபிடித்தால்?

இதில் சட்டம் கொஞ்சம் வினோதமானது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. கலர் பிளைண்ட் அதில் இல்லை. இட ஒதுக்கீடும் கிடையாது, முழுத் தகுதியும் கிடையாது. அத்தை வீட்டுக்கும் மாமன் வீட்டுக்கும் நடுவே தெருவில் நிற்கிற நிலைமை. ஆனால் கோர்ட்டுகள் இந்த இடைவெளியைக் கவனிக்க ஆரம்பித்திருக்கின்றன.

தமிழ்நாடு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராகத் தேர்வான ஒருவருக்குக் கலர் பிளைண்ட் என்று வேலை மறுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம், அமர்வு மறுபக்கம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவருக்கு அதே பதவியில் பொருத்தமான இடத்தில் வேலை கொடுக்கச் சொன்னது. மின்வாரியம் என்றால் எல்லோரும் கம்பம் ஏறுவதில்லையே. புனே திரைப்படக் கல்லூரியில் எடிட்டிங் படிப்புக்குத் தேர்வாகிக் கலர் பிளைண்ட் என்று திருப்பி அனுப்பப்பட்ட இளைஞரின் வழக்கில், 2022 ஏப்ரலில் நீதிபதிகள் சஞ்சய் கிஷன் கவுல், எம்.எம். சுந்தரேஷ் அமர்வு எல்லாப் படிப்புகளையும் திறந்துவிடச் சொன்னது.

நம் ஊருக்கு நெருக்கமானது அரசு பஸ் கழகமான ஆர்டிசியின் டிரைவர் வழக்கு. ஆந்திரா பிரிகிற சமயம், 2014-இல், டிரைவராகச் சேர்ந்தவர். மெடிக்கலில் கலர் பிளைண்ட் என்று கண்டுபிடித்து 2016 ஜனவரியில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் பிடித்துக்கொண்ட துரும்பு ஒரு பழைய காகிதம்: கலர் பிளைண்ட் ஆகும் டிரைவருக்கு மாற்று வேலை தர வேண்டும் என்று தொழிற்சங்கமும் நிர்வாகமும் 1979-இல் போட்ட ஒப்பந்தம். 2025 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் செல்லும் என்று சொல்லி, அதே சம்பள நிலையில் பொருத்தமான வேலையும், நிலுவையில் 25 சதவீதமும் தரச் சொன்னது. நீதிபதிகள் ஜே.கே. மகேஸ்வரி, அரவிந்த் குமார்.

இதிலிருந்து அக்கா எடுத்துக்கொண்ட பாடம் வக்கீல் பாடம் இல்லை, வீட்டுப்பாடம். கோபத்தில் ராஜினாமா எழுதாதீர்கள். ‘விருப்ப ஓய்வு’ தாளில் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். மாற்று வேலை வேண்டும் என்று தேதி போட்டு எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். யூனியன் ஆபீஸ் பீரோவில் தூங்கும் பழைய ஒப்பந்தங்களை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ‘அன்ஃபிட்’ தாளில் மேல்முறையீட்டுக்குக் கெடு போட்டிருப்பார்கள். அழுது முடிப்பதற்குள் அது ஓடிவிடும். எங்கள் வீட்டில் ஓடிவிட்டது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

“இது என்ன கலர் சொல்லு” என்று விருந்தாளி முன்னால் பரீட்சை வைக்காதீர்கள். இது எல்லா வீட்டிலும் நடக்கும், எனக்குத் தெரியும், நாங்களே செய்திருக்கிறோம். பண்டிகைக்குச் சட்டை எடுக்கும்போது கடைக்காரரிடம் கேட்டு உள்பட்டியில் பேனாவால் ‘ப’, ‘சி’ என்று எழுதி வையுங்கள். கல்யாணப் பேச்சில் இதை மறைக்கவும் வேண்டாம், பூதாகாரமாக்கவும் வேண்டாம். என் தம்பி பெண் பார்க்கப் போன இடத்தில் அவனே சொன்னான். “அப்போ தக்காளி வாங்க நான்தான் போகணும்” என்றாள் பெண். முடிந்தது பேச்சு.

இந்த வருஷம் பத்தாவது எழுதுகிற பையன் வீட்டில் இருக்கிறானா? ரிசல்ட் வருவதற்குள் ஒரு நாள் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ஐந்து நிமிஷ வேலை. முதல் பக்கத்தில் 12 என்று சொன்னதும் சரி என்று எழுந்துவிடாதீர்கள். அடுத்த பக்கத்தையும் காட்டச் சொல்லுங்கள்.